மெத்தனால் கப்பலில் தீத்தடுப்பு: டீசல் பழக்கம் கைகொடுக்காத இடங்கள்

கப்பலுக்கு எரிபொருளாகும் மெத்தனால் ஒரு வகை ஆல்கஹால்; அதன் தீயை டீசல் தீ மாதிரி நினைத்து இறங்கினால் அடிபடுவது உறுதி. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது, கரும்புகையும் எழாது. வழக்கமான தீயணைப்பு நுரை அதன்மேல் நிற்காது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 750 கன மீட்டர் கொள்ளளவில் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கு 2025-ல் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். இனி நம் ஊர்க்காரர்களும் இந்த எரிபொருளோடு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் தொட்டி. மெத்தனால் ஆவி காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். 30 டிகிரி வெப்பத்தில், மூடிய தொட்டியின் மேல்பகுதியில் தேங்கும் ஆவி ஏறத்தாழ 21 சதவீதம். அதாவது அந்த வரம்பின் நட்டநடுவில். பெட்ரோல் தொட்டியில் ஆவி அளவு மீறி இருப்பதாலேயே உள்ளே எரியாது. இங்கே அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் நைட்ரஜன் நிரப்பி ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறோம். எரிபொருள் குறையக் குறைய தொட்டியின் அழுத்தமும் இறங்கும். அந்த நேரத்தில் நைட்ரஜன் வரத்து நின்றால் வால்வு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். நிரப்பும்போது மட்டுமல்லாமல், எஞ்சின் ஓடும்போதும் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள்.

அடுத்து, கேஸ் டிடெக்டர். ஆவி காற்றைவிடச் சற்றே கனம் என்பதால் தரையோரத்திலும் ஒரு சென்சார் இருக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: தீப்பிடிக்கும் கீழ்வரம்பான 6 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கை (20 சதவீதம்) எட்டியதும் அலாரம் அடித்தால், காற்றில் ஏற்கனவே 12,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12,000 பங்கு) மெத்தனால் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவோ 6,000 பிபிஎம்தான். அலாரம் அடித்த அறைக்குள் மூச்சுக்கருவி இல்லாமல் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். பிபிஎம் காட்டும் மீட்டர் ஒன்றை உடம்பிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

எரிபொருள் நிரப்பும் முன், அவசர நிறுத்தப் பொத்தானைக் கப்பலிலிருந்து ஒருமுறை, கரையிலிருந்து ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள். ஹோஸ் இணைப்பில் மின்காப்பு ஃபிளாஞ்ச் (மின்சாரத்தைக் கடத்தாத இணைப்பு வளையம்) இருக்கிறதா என்று பாருங்கள். கரைக்கும் கப்பலுக்கும் ஒயர் இழுத்துக் கட்டுவது பழைய வழக்கம், இணைப்பைக் கழற்றும்போது அதுவே பொறியைக் கிளப்பும். கசிவைச் சோதிக்க நைட்ரஜனையே பயன்படுத்துங்கள். முடிந்ததும் ஹோஸில் மிச்சமிருப்பதை நைட்ரஜனால் ஊதி வெளியேற்றிய பிறகே கழற்றுங்கள்.

நுரைக்கு வருவோம். சாதாரண நுரையில் உள்ள தண்ணீரை மெத்தனால் உறிஞ்சிவிடும். போர்வை நொடியில் கரையும். ஆல்கஹால் தாங்கும் நுரைதான் வேண்டும். சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2020-ல் வெளியிட்ட 1621-ம் சுற்றறிக்கை, எஞ்சின் ரூமில் தரைத்தகடுகளுக்குக் கீழே, கசிவு வந்து தேங்கும் பில்ஜ் பகுதிக்கும் அதையே கேட்கிறது. தண்ணீரில் கலக்கும் நுரைக் கரைசல் வரும் டிரம்மின் லேபிளைப் படியுங்கள்: ‘3×6’ என்றிருந்தால் டீசலுக்கு 3 சதவீதம், ஆல்கஹாலுக்கு 6 சதவீதம். கலக்கும் கருவி 3-லேயே நின்றிருந்தால் நுரை வரும், தீ அணையாது. பீய்ச்சும்போது திரவத்துக்குள் நேராகக் குத்தாமல், சுவரில் அடித்து மெதுவாக வழிய விடுங்கள்.

தீ என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை எரிபொருளை நிறுத்துவது. பிறகு வெப்பக் கேமராவால் பார்த்துக்கொண்டே நெருங்குங்கள். வெறும் கண்ணை நம்பாதீர்கள். எஞ்சின் ரூமுக்குக் கார்பன் டை ஆக்சைடு விட வேண்டுமானால் ஆள் எண்ணிக்கை சரிபார்த்து, விசிறியை நிறுத்தி, டாம்பர்களை (காற்றுவழி அடைப்பான்களை) மூடிய பிறகுதான்.

தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யலாம், ஆனால் நிறைய வேண்டும். கால் பங்கு மெத்தனால், முக்கால் பங்கு தண்ணீர் என்ற கலவைகூட சூடான இடத்தில் எரியும். சுடர் அடங்கியபின் கேமராவில் உலோகம் குளிர்ந்ததாகத் தெரியும்வரை நுரைப் போர்வையைக் கலைக்காதீர்கள். பில்ஜில் தேங்கியதை எண்ணெய்ப் பிரிப்பானுக்கு அனுப்பாமல் தனித் தொட்டியில் எடுத்து வையுங்கள்.