பகல் வெயிலைக் கல்லில் ஏற்றி, ராத்திரி நூல் உலர்த்துவது எப்படி

சேலத்தில் சாயப் பட்டறைகளுக்கும் சின்ன உலைகளுக்கும் பயர் கல் (உலைச் சூட்டைத் தாங்கும் செங்கல்) அடுக்கிக் கொடுப்பது என் தொழில். கரண்டில் சூடேறும் காயில் மாட்டுவதும் பர்னர் பழுது பார்ப்பதும் அதோடு சேர்ந்து வரும். கொஞ்ச காலமாகப் பலரும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள். "கூரையில சோலார் போட்டாச்சு, ஆனா ராத்திரி முழுக்க டீசல் பர்னர்தானே ஓடுது, அதை நிறுத்த வழி உண்டா?" உண்டு. அதற்குப் பேட்டரி வாங்க வேண்டியதில்லை. நூல் உலர்த்தும் அறைக்கு ராத்திரி தேவைப்படுவது சூடு மட்டும்தான். பகல் கரண்டை அப்போதே சூடாக மாற்றிக் கல்லில் ஏற்றி வைத்தால், விடியும் வரை எடுத்துக்கொள்ளலாம்.

கல்லில் சூட்டைச் சேர்ப்பது பழைய வித்தை. இரும்பு ஊதுலைக்குப் போகும் காற்றைக் கல் அடுக்கு வழியாகச் சூடாக்கும் முறைக்கு எட்வர்ட் கௌப்பர் 1857-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் ஊதுலைகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஜெர்மனியில் ராத்திரி மலிவுக் கரண்டில், மேக்னசைட் தாதுவைச் சுட்டுச் செய்த கல்லைச் சூடாக்கி வைத்து, பகலில் வீட்டைக் கதகதப்பாக்கும் பெட்டிகள் வெகு காலம் புழக்கத்தில் இருந்தன. பின்லாந்தின் கன்கான்பா ஊரில் 2022-இல் 100 டன் மணலில் 8,000 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், 1,000 வாட்-மணி) சூட்டைச் சேர்க்கும் தொட்டி வைத்தார்கள். கலிபோர்னியாவில் ரோண்டோ என்ற கம்பெனி ஆலைகளுக்கே கல் அடுக்கு கட்டிக் கொடுக்கிறது. நம் ஊரில் செய்வது அதன் சின்ன உருவம், அவ்வளவுதான். கல் அடுக்கத் தெரிந்த கொத்தனார் இங்கேயே இருக்கிறார்.

முதலில் உங்களுக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று பாருங்கள். 90 டிகிரிக்குள் வேலை முடிகிறது என்றால் கல்லைத் தொடவே வேண்டாம், தண்ணீர்த் தொட்டி போதும். 1,000 லிட்டர் தண்ணீரை 85-இலிருந்து 45-க்கு இறக்கினால் 46 யூனிட் சூடு கிடைக்கும். ஏற்காட்டுத் தோட்டத்துக்காரர் ஒருவர் காபிக் கொட்டை உலர்த்தக் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். காபிக்கு 40, 45 டிகிரிக் காற்றுக்கு மேல் போகக் கூடாது. டிசம்பர் மாதப் பனிமூட்டத்தில் களத்தில் காயாத கொட்டைக்கு, நன்றாகப் பொதிந்த வெந்நீர்த் தொட்டியும் ஒரு ரேடியேட்டரும் விசிறியும் தாராளம். உங்களுக்கு வேண்டியது நீராவி என்றால் அது வேறு கதை. கொதிகலன் சட்டம், பரிசோதனை எல்லாம் வரும், தனியாகத்தான் பார்க்க வேண்டும். 100-லிருந்து 400 டிகிரி வரை சூடான காற்று வேண்டும் என்பவர்களுக்குத்தான் மேலே படிப்பதில் பலன்.

அடுத்தது, எவ்வளவு சூடு வேண்டும் என்ற கணக்கு. உங்கள் எரிபொருள் பில்லிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சூடு இருக்கிறது. புகைக்கூண்டு வழியாகப் போனது போக 8 யூனிட்தான் அறைக்குள் வரும். 19 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 200 யூனிட். காய்ந்த விறகு என்றால், சாதாரண அடுப்பில் கிலோவுக்கு இரண்டு, இரண்டரை யூனிட்.

இந்த மூன்று எண்களை வைத்து உங்கள் எரிபொருளில் ஒரு யூனிட் சூடு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். அதைச் சோலார் யூனிட் விலையோடு ஒப்பிட்டால் யார் முதலில் மாற வேண்டும் என்பது தெரிந்துவிடும். டீசலும் கேஸும் எரிப்பவர்கள்தான் முதலில் மாற வேண்டியவர்கள். விறகுக்காரர்களுக்கு இன்றைய நிலையில் கணக்கு கட்டுவது கஷ்டம். கட்டும் என்று ஆசை காட்டி யாரையும் கடன் வாங்க வைக்க எனக்கு மனமில்லை.

இனி ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். ராத்திரிக்கு 40 லிட்டர் டீசல் குடிக்கும் உலர்த்தும் அறை என்று வையுங்கள். 40 × 8 = 320 யூனிட். பெட்டியில் கசிவது, காற்றுக் குழாயில் குறைவது எல்லாம் சேர்த்து 400 யூனிட் ஏற்ற வேண்டும். நம் பக்கம் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். அப்படியென்றால் பகலில் மோட்டார்களுக்குப் போக 100 கிலோவாட் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 10,000 சதுர அடிக் கூரை. கூரை பத்தாது என்றால் பாதி மட்டும் கட்டுங்கள், மீதிக்குப் பர்னர் இருக்கட்டும்.

ஒரு கிலோ பயர் கல் ஒரு டிகிரி ஏற 0.28 வாட்-மணி பிடிக்கும். 650 டிகிரி வரை ஏற்றி 150 வரை இறக்கினால் 500 டிகிரி இடைவெளி. டன்னுக்கு 140 யூனிட் என்று வரும். 400 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 3 டன். கடைசிக் கல் வரை சூடு சமமாக இறங்காது, அதனால் மூன்றரை டன் வாங்குங்கள். 230 × 115 × 75 மில்லிமீட்டர் பயர் கல் ஒன்று 4 கிலோ சொச்சம் இருக்கும். 850 கல் கணக்கு. காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றே கால் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு மூலையில் அடங்கிவிடும்.

மேக்னசைட் கல் வைக்கலாமா என்று கேட்பார்கள். கருப்பூர்ப் பக்கம் வெள்ளையாகத் தெரியும் மேக்னசைட் மேடுகளைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது, கேட்கத்தான் செய்வார்கள். வைக்கலாம். எடை அதிகம் என்பதால் இடம் குறையும், 600 கல்லில் முடியும். ஆனால் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். மேக்னசைட் கல் ஈரம் பட்டால் உப்பி உதிரும். மழைக்காலத்தில் திறந்து போட்டால் பாழ். இன்னொன்று, அந்தக் கல் செய்யும்போதே புகை இருக்கிறது. வெட்டி எடுத்த மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும். மூன்றரை டன் கல்லுக்கு நாலு டன் வாயு, சூளை எரித்த எரிபொருள் தனி. நாளுக்கு 40 லிட்டர் டீசலை நிறுத்தினால் 107 கிலோ வாயு மிச்சம், வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் 32 டன். ஆக, கல் போட்ட கடன் சில மாதத்தில் அடைந்துவிடும். ஆனாலும் முதன்முதலில் கட்டுகிறவர்களுக்கு நான் பயர் கல்லைத்தான் சொல்வேன். மலிவு, ஈரத்துக்கு அஞ்சாது, உடைந்தால் மாற்றுவது எளிது. கருங்கல் மட்டும் வேண்டவே வேண்டாம். 573 டிகிரியில் அதிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று உருமாறி உப்பும், கல் வெடிப்பு விடும்.

அடுக்கும்போது சாந்து கூடாது. உலர்ந்த கல்லை அப்படியே கட்டுக்கட்டாக, ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை குறுக்காக வைக்க வேண்டும். நடுவில் விரல் போகும் அளவு வாய்க்கால், கீழிருந்து மேல் வரை அடைபடாமல் வர வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், அடித்தளம் தெரிய வேண்டும். சூடேறினால் கல் வளரும். இந்த அளவு பயர் கல் அடுக்கு 4, 5 மில்லிமீட்டர் நீளும், மேக்னசைட் என்றால் 10 வரை போகும். சுற்றிலும் இரும்புச் சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையே அந்த இடம் விட்டு, செராமிக் ஃபைபரை (சூடு தாங்கும் பஞ்சு) லேசாகச் செருகி வையுங்கள். இறுக்கிக் கட்டினால் சட்டம் பிதுங்கும்.

காயிலுக்குக் கேந்தல் கம்பி (சூடேற்றும் காயிலுக்கென்றே வரும் கம்பி) நல்லது. பீங்கான் குழாயில் சுற்றி, ஒவ்வொன்றையும் தனியாக வெளியே உருவி எடுக்கும்படி மாட்டுங்கள். கல்லுக்குள் புதைத்துவிட்டால் ஒரு காயில் போனதற்கு முழு அடுக்கையும் கலைக்க வேண்டி வரும். 10 கிலோவாட் காயில் ஒன்பது என்று பிரித்து, மூன்று பேஸிலும் சமமாகப் போடுங்கள். கேந்தல் கம்பி ஒரு முறை சூடேறிக் குளிர்ந்துவிட்டால் வளைக்கக் கூடாது, பொட்டென்று ஒடியும். வளைவெல்லாம் புதிதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சோலாரை இன்வெர்ட்டர் இல்லாமல் நேராகக் காயிலில் கொடுப்பவர்கள் டிசி சுவிட்ச்சும், காயிலுக்குக் கரண்டைச் சேர்த்து வெட்டும் டிசி கான்டாக்டரும்தான் போட வேண்டும். ஏசி கான்டாக்டரில் டிசி பொறி அணையாமல் எரியும்.

பொதிவில் கஞ்சத்தனம் வேண்டாம். கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி உள்ள செராமிக் ஃபைபர் பிளாங்கெட்டை 300 மில்லிமீட்டர் வரும்வரை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். உள்ளே 700 டிகிரி இருந்தாலும் ஒரு சதுர மீட்டரில் 200 வாட் சொச்சம்தான் கசியும். இந்த அளவு பெட்டிக்கு நாளுக்கு 40, 50 யூனிட் இழப்பு என்று வரும். 150 மில்லிமீட்டரோடு நிறுத்தினால் அது இரண்டு மடங்கு. ரெடிமேட் பெட்டி விற்க வந்த ஒருவரிடம், ராத்திரி எடுக்காமல் விட்டால் காலையில் எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நீங்களும் வாங்கும் முன் இதைக் கேளுங்கள். அடியில் மட்டும் பிளாங்கெட் கூடாது, மூன்றரை டன் எடையில் நசுங்கிவிடும். அங்கே கால்சியம் சிலிக்கேட் பலகை. ஃபைபர் வெட்டும்போது முகமூடி, முழுக்கை கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

இனி காற்று. ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். உலர்த்தும் அறையில் சுற்றி வரும் காற்றில் பஞ்சுத் தூசி மிதக்கும். அந்தக் காற்றை 600 டிகிரிக் கல் வழியாக விட்டால் தீப்பிடிக்கும், சந்தேகமே இல்லை. கல்லுக்குள் போவது வெளியிலிருந்து ஃபில்டர் வழியாக வரும் புதுக் காற்றாக மட்டுமே இருக்க வேண்டும். நூலின் ஈரத்தை வெளியே தள்ள எப்படியும் புதுக் காற்று வேண்டும் என்பதால் இதில் நஷ்டம் இல்லை. அந்தக் காற்றை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளை கல்லுக்குக் கீழே நுழைந்து மேலே வரும். இன்னொரு கிளை கல்லைத் தொடாமல் சுற்றி வந்து கலப்புப் பெட்டியில் சேரும். இரண்டும் கலந்து 180 டிகிரி ஆன பிறகுதான் அறைக்குப் போக வேண்டும்.

நம் உதாரணத்தில் மணிக்கு 30 யூனிட் வீதம் மாலை ஏழிலிருந்து விடியும் வரை எடுக்கிறோம். அதற்கு மணிக்கு 700 கிலோ காற்று போதும், சின்ன புளோயர்தான். மாலையில் கல் உச்சச் சூட்டில் இருக்கும்போது அதில் 200 கிலோ மட்டும் கல்லுக்குள் போகும், மீதி சுற்று வழி. நேரம் ஆக ஆக டேம்பர் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கல் பக்கம் திறந்துகொண்டே வரும், விடியும்போது எல்லாக் காற்றும் கல் வழியாகப் போகும். அறையில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது, சூடு ஒரே அளவில் வரும். புளோயரைக் குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள், சூடான பக்கம் வைத்தால் பேரிங் தாங்காது. கரண்ட் போனால் கல் பக்க டேம்பர் ஸ்பிரிங்கால் தானே மூட வேண்டும். இல்லாவிட்டால் சூடு தானாக மேலே எழும்பி, கலக்காமல் அறைக்குள் போய்விடும்.

கன்ட்ரோல் பேனலில் சிக்கனமாக இருந்தாலும் சில விஷயங்களை விடாதீர்கள். சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் மேலே, நடுவே, கீழே என்று மூன்று வேண்டும். 720 டிகிரியில் எல்லாக் காயிலையும் வெட்டும் தனி கட்-ஆஃப், வழக்கமான கன்ட்ரோலரோடு சேராமல் தனித்து இருக்க வேண்டும். சோலார் தரும் அளவுக்கு மட்டும் காயில் ஏறும்படி செட் செய்யுங்கள். மேகம் மறைக்கும்போது காயில் போர்டு கரண்டை இழுத்தால் மேக்ஸிமம் டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவு, எகிறும். உயர் அழுத்த இணைப்பு உள்ளவர்களுக்கு மாலை உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணமும் சேரும். டைமர் போட்டு அந்த நேரத்தை அடைத்துவிடுங்கள்.

முதல் சூடு ஏற்றும்போது அவசரம் கூடாது. 110 டிகிரியில் நிறுத்தி, மேல் துவாரத்தில் ஆவி வருவது நிற்கும் வரை விடுங்கள். அப்புறம் மணிக்கு 30 டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். முதல் நாள் பொதிவிலிருந்து கொஞ்சம் புகை வரலாம், கதவைத் திறந்து வைத்தால் போதும்.

பழைய பர்னரைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோலார் பாதி கூடத் தராத நாட்கள் வரும், அப்போது அதுதான் கை கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு என்றாலும் காயில் ஓடட்டும். அன்றைக்கு மோட்டார் ஓடாததால் மிஞ்சும் கரண்ட் முழுவதும் கல்லுக்குப் போகும், திங்கள் ராத்திரிக்கு டீசல் வேலை இருக்காது. மாதம் ஒரு முறை வெளித்தகட்டைக் கையால் தடவிப் பாருங்கள். ஏதாவது ஓர் இடம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் உள்ளே பிளாங்கெட் சரிந்திருக்கிறது. கல் ஆறும்வரை காத்திருந்து, அந்தப் பக்கத் தகட்டைக் கழற்றி ஃபைபர் திணித்து மூடுங்கள்.