ஒன்டாரியோவில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்: புதிதாக வருகிறவர்களுக்கு

பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி (மூச்சுவிடச் சிரமப்படுகிறவர்களுக்கு வென்டிலேட்டர், ஆக்ஸிஜன் வைத்துச் செய்யும் சிகிச்சை) முடித்து, சென்னையிலோ வேலூரிலோ ஐ.சி.யூ.வில் சில வருடம் வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, கனடா பி.ஆரோடு (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்டாரியோவைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இங்கே மாகாணத்துக்கு மாகாணம் பதிவு முறை வேறு. மான்ட்ரியலில் சித்தப்பா இருக்கிறார் என்று கியூபெக் பக்கம் போனால், பிரெஞ்சு இல்லாமல் ஒன்றும் நடக்காது. லண்டனா, சிட்னியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கவும்: அங்கெல்லாம் இது நம் ஊர் மாதிரி தனித் தொழில் இல்லை. நர்ஸ், பிசியோ, மயக்க மருந்து டாக்டர் என்று ஆளுக்குக் கொஞ்சமாக இந்த வேலையைப் பார்க்கிறார்கள்.

ஒன்டாரியோவில் இந்தத் தொழிலுக்கென்றே 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதிவு கொடுப்பது காலேஜ் ஆஃப் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்ஸ் ஆஃப் ஒன்டாரியோ, சுருக்கமாக சி.ஆர்.டி.ஓ. பெயரில் காலேஜ் இருக்கிறதே தவிர பாடம் நடத்த மாட்டார்கள். பதிவு கையில் வரும்வரை ‘ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்’ என்று உங்களைச் சொல்லிக்கொள்ள சட்டம் இடம் கொடுக்காது. ரெஸ்யூமேயின் தலைப்பில் அதைப் போடாதீர்கள். எந்த நாட்டில், எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை வருடம் பார்த்தீர்கள் என்று உள்ளே எழுதினால் போதும்.

விமானம் ஏறும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிகிரி சர்டிஃபிகேட்டும் மார்க் ஷீட்டும் எல்லோரும் கொண்டுவருகிறார்கள், அவை மட்டும் பற்றாது. நீங்கள் படித்த ஆண்டின் சிலபஸ், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்ற விவரம், இன்டர்ன்ஷிப்பில் பெரியவர்கள் ஐ.சி.யூ., பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் என்று எங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்ற கடிதம், எல்லாவற்றையும் காலேஜ் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பும்படி கேட்பார்கள். ஊரில் இருக்கும்போது அலுவலகத்துக்கு நேரில் போய் நின்றால் நடக்கிற காரியம், இங்கிருந்து மெயில் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். போட்ட தடுப்பூசிகளின் ரெக்கார்டையும் மறக்க வேண்டாம். சின்ன வயதில் பி.சி.ஜி. போட்டிருப்பதாலோ, ஊரில் எப்போதோ கிருமி தொற்றியிருப்பதாலோ இங்கே டி.பி. தோல் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். பதற வேண்டாம், மார்பு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டி, சரி என்றால் வேலையைப் பார்க்கலாம்.

காகிதங்கள் போன பிறகு சி.ஆர்.டி.ஓ. உங்களை மதிப்பீடு செய்யும். பேட்டி ஒன்று, செய்முறைத் திறனைப் பார்க்கும் சோதனை ஒன்று. படிப்பில் ஓட்டை இருந்தால் சில பாடங்களைப் படித்துவிட்டு வரச் சொல்வார்கள். அதன் பிறகுதான் தேசியத் தேர்வு. ஊரில் நர்ஸாகவோ பிசியோவாகவோ டாக்டராகவோ இருந்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள், தங்கள் படிப்பை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் டொராண்டோவில் மிச்சனர், ஒன்டாரியோவிலேயே இருக்கும் லண்டன் நகரில் ஃபேன்ஷா, ஒட்டாவாவில் அல்கான்குவின் என்று மூன்று வருட டிப்ளமோவைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, வாய் திறப்பதில். நாலு பேர் முன்னால் டாக்டரிடம் மாற்றுக் கருத்துச் சொல்வது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். இங்கே தமனியில் ரத்தம் எடுப்பது, இன்டுபேஷன் (மூச்சுப்பாதைக்குள் குழாய் விடுவது), சக்‌ஷன், ஆக்ஸிஜன் கொடுப்பது எல்லாம் சட்டப்படியே உங்கள் கை வேலை. பல ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் டைரக்டிவ் என்று டாக்டர்களின் உத்தரவை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரம்புக்குள் வென்டிலேட்டரை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரு உதாரணம். எண்பது கிலோ எடை, 155 சென்டிமீட்டர் உயரம், நிமோனியாவோடு ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் (நுரையீரல் கடுமையாகச் செயலிழக்கும் நிலை), வென்டிலேட்டரில் இருக்கும் அம்மா. ஏபிஜி (தமனி ரத்தச் சோதனை) வருகிறது: பி.எச். 7.22, கார்பன் டை ஆக்ஸைடு 68, அதாவது கார்பன் டை ஆக்ஸைடு தேங்கி ரத்தம் அமிலமாகியிருக்கிறது. ரெசிடென்ட் (பயிற்சியில் இருக்கும் டாக்டர்) உங்களைத் திரும்பிப் பார்த்து, “என்ன செய்யலாம்?” என்று கேட்பார். “நீங்கள் சொல்லுங்கள் டாக்டர்” என்பது அங்கே பதில் ஆகாது. டைடல் வால்யூமை (ஒரு மூச்சுக்கு உள்ளே தள்ளும் காற்றின் அளவு) எடையை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இந்த அம்மாவின் உயரத்துக்குக் கணக்குப்படி வரும் எடை 48 கிலோ, கிலோவுக்கு 6 மில்லி வீதம் சுமார் 290 மில்லி. அதைக் கூட்டாமல் ரேட்டை (நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை) 18லிருந்து 24க்கு ஏற்றுகிறேன், வெளிமூச்சு முழுக்க இறங்குகிறதா என்று ஃப்ளோ கிராஃபில் பார்க்கிறேன், அரை மணி நேரத்தில் இன்னொரு ஏபிஜி எடுக்கிறேன் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். பேட்டியிலும் செய்முறைச் சோதனையிலும் எதிர்பார்ப்பது இந்தப் பேச்சைத்தான். வீட்டில் யாரையாவது எதிரில் உட்கார வைத்து ஆங்கிலத்தில் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். கேட்பவருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இங்கே லேப் அலகுகளும் வேறு. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 95 என்று இருந்தால் அது நம் ஊர் 9.5. சர்க்கரை 5.5 என்றால் ஆபத்து ஒன்றும் இல்லை, நம் கணக்கில் கிட்டத்தட்ட 100. ஏபிஜி மட்டும் நம் ஊர் அலகான அதே எம்.எம்.எச்.ஜி.தான்.

பதிவு வரும்வரை வீட்டில் சும்மா உட்காராதீர்கள். தூக்க ஆய்வகங்கள், வீட்டுக்கு ஆக்ஸிஜன் கொண்டுபோய் வைக்கும் கம்பெனிகள், ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரைக் கழுவி, பாகங்களைப் பொருத்தித் தயார் செய்யும் உதவியாளர் வேலை என்று பக்கத்துத் தொழில்கள் இருக்கின்றன. சம்பளம் சுமார்தான். ஆனால் மெஷின் பெயர்களும் இங்கத்திய பேச்சும் காதில் விழும், நாளைக்கு ரெஃபரன்ஸ் கொடுக்க ஆளும் கிடைக்கும்.

வேலை பெரும்பாலும் 12 மணி நேர ஷிஃப்ட், இரண்டு பகல் இரண்டு இரவு, பிறகு சில நாள் ஓய்வு என்று சுற்றும். என்95 மாஸ்க் பொருந்துகிறதா என்று சோதிப்பார்கள், அதற்குத் தாடியை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஸ்கார்பரோ பக்கம் வேலை கிடைத்தால் தமிழ் நோயாளிகள் நிச்சயம் வருவார்கள். யாழ்ப்பாணத்துப் பாட்டி “முட்டு இழுக்குது தம்பி” என்றால் வீசிங் என்று எடுத்துக்கொள்ளலாம். பஃபரை (இன்ஹேலருக்கு இங்கத்திய பெயர்) எப்படி இழுப்பது என்று தமிழில் காட்டிக்கொடுங்கள், ஸ்பேசர் (பஃபரில் மாட்டும் குடுவை) வைத்து இரண்டு தடவை அவரையே செய்யச் சொல்லிப் பாருங்கள். ஆனால் நோயாளியின் வென்டிலேட்டர் குழாயை எடுப்பதா வேண்டாமா என்ற குடும்பக் கூட்டத்தில், “நீங்களே மொழிபெயர்த்துவிடுங்களேன்” என்று டாக்டர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரி மூலம் வரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நோயாளிக்கு சிகிச்சை தரும் ஆள். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்தால் எதிலாவது பிசகும், பிறகு உறவினர்கள் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

முதல் வேலை முழுநேரமாக அமைவது அபூர்வம். கேஷுவல் என்று எடுப்பார்கள், யாராவது லீவு போட்டால் காலை ஐந்தரைக்கு போன் வரும். இரண்டு ஆஸ்பத்திரிகளில் பெயர் கொடுத்து வைப்பவர்கள் உண்டு. கார் வாங்கும் வரை, இரவு பஸ் ஓடும் பாதையாகப் பார்த்து வாடகைக்கு வீடு எடுங்கள்.