பாங்காங் ஏரி: 160 கிலோமீட்டர் என்று கணக்குப் போடாதீர்கள்

லடாக்கின் லே நகரிலிருந்து பாங்காங் ஏரிக்கு ஏறக்குறைய 160 கி.மீ. "அவ்வளவுதானா? நம்ம ஊரிலிருந்து பாண்டிச்சேரி போகிற தூரம்தான்" என்று என் மைத்துனர் சொன்னார். லடாக் பயணத்தில் பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அங்கே கிலோமீட்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு உயரம் ஏறுகிறோம், எந்த நேரத்துக்கு எங்கே இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஏரி இருப்பது 4,200 மீட்டருக்கும் மேலே. சுமார் 134 கி.மீ. நீளத்துக்கு ஒல்லியாக நீண்டு கிடக்கும் உப்புநீர் ஏரி அது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் இந்தியாவின் கையில் இருக்கிறது. மிச்சம் சீனாவின் கட்டுப்பாட்டில், திபெத் பக்கம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சாலையும் கிடையாது, படகும் கிடையாது. வரைபடத்தைப் பார்த்து "அப்படியே ஏரியைச் சுற்றி வரலாமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியாது. அந்தப் பக்கத்துக்குச் சீனா வழியாக ருடோக் போய்த்தான் வர வேண்டும், அது வேறு விசா, வேறு பயணம்.

முதல் தவறை நானே செய்திருக்கிறேன். டெல்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லே. இருநூறு சொச்சம் மீட்டரிலிருந்து உடம்பு நேராக 3,250 மீட்டருக்குப் போய்விடுகிறது. இறங்கியதும் வெயில் பளீரென்று இருந்தது, தெம்பாகவும் இருந்தது. உயரம் செய்கிற ஏமாற்று வேலையே அதுதான். அது முதல் நாள் சும்மா இருக்கும், ராத்திரிதான் வேலையைக் காட்டும். நான் மறுநாள் காலையிலேயே பாங்காங்குக்கு டாக்ஸி பிடித்தேன். ஸ்பாங்மிக் கிராமத்தில் கூடாரத்தில் படுத்தேன். நள்ளிரவில் மண்டை பிளக்கிற வலி, வாந்தி. டிரைவர் அதிகம் பேசவில்லை, "கீழே போகலாம் சார்" என்றார். காரில் வைத்திருந்த ஆக்சிஜனைக் கொடுத்து டாங்ட்சே கிராமத்துக்கு இறக்கினார். முந்நூறு மீட்டர் இறங்கியதற்கே தலை தெளிந்தது.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், நேற்று தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. லேயிலிருந்து ஏரிக்கரை எழுநூறு மீட்டருக்கும் மேல் உயரம். அதனால் விமானத்தில் வருகிறவர்கள் லேயில் இரண்டு முழு நாள் அறையிலும் அக்கம்பக்கத்திலும் கழித்துவிடுவது நல்லது. அப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கு. அது லேயைவிடத் தாழ்வு, அங்கே ஓரிரு இரவு தங்கி, ஷியோக் ஆற்றோரம் வழியாகப் பாங்காங் போய், திரும்பும்போது சாங் லா கணவாய் வழியாக லேக்கு வரலாம். ஏரிக்குப் போகும் முன் உடம்பு பழக இந்த வரிசையில் கூடுதலாக ஓரிரு நாள் கிடைக்கும். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கி விழுங்காதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தரைவழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. எந்தத் தரைவழி என்று பார்க்க வேண்டும். மணாலி சாலை அடல் சுரங்கத்தைத் தாண்டியதும் ஏற ஆரம்பித்துவிடும். பாரலாச்சா, லாச்சுங், டாங்லாங் என்று கணவாய்கள் வரிசையாக வரும், கடைசியது 5,300 மீட்டருக்கும் மேல். வழக்கமாக இரவு தங்கும் சர்ச்சுவே கிட்டத்தட்ட 4,300 மீட்டரில் இருக்கிறது. இதுவரை மலையே ஏறாத உடம்புக்கு அது நல்ல இடமே இல்லை. ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ தங்கிவிட்டு, விடியுமுன் கிளம்பி ஒரே மூச்சில் லே போய்விடுவது மேல். ஸ்ரீநகர் சாலை நிதானம். ஜோஜி லா 3,500 மீட்டர்தான், கார்கிலில் இரவு தங்கினால் மறுநாள் சாயங்காலம் லே. என்னைக் கேட்டால் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்கச் சொல்வேன். தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம்.

ஸ்ரீநகருக்கு இப்போது ரயிலும் வந்துவிட்டது. 2025 ஜூனில் கட்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓட ஆரம்பித்தது. கட்ராவுக்குச் சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கின்றன. நாள்கணக்கில் உட்கார்ந்து போக வேண்டும், உண்மைதான். ஆனால் நேரம் உள்ளவர்களுக்கு உடம்பை மெதுவாக மேலே கொண்டுபோக இது ஒரு நல்ல வழி. டெல்லியிலிருந்து லே வரை ஹிமாச்சல் அரசுப் பேருந்தும் உண்டு, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், கோடையில் மட்டும். செலவு குறைவு. முதுகு அதற்கு ஒத்துழைக்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

லே வந்தாயிற்று. இனி எந்த வண்டி? காசு அதிகம் வீணாவது இங்கேதான். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ பிடித்த டாக்ஸி உங்களை லேயில் இறக்கிவிடலாம், பாங்காங்குக்குக் கூட்டிப்போக உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் விடமாட்டார்கள். வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்குக்கும், செல்ஃப் டிரைவ் காருக்கும் இதே கதி. நடுவழியில் நிறுத்தித் திருப்பி அனுப்புவார்கள். இது நியாயமா என்று வாதாடலாம். ஆனால் ஆண்டில் நாலைந்து மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதமும் சாப்பிட வேண்டியவர்களோடு நடுரோட்டில் நின்று வாதாடுவதில் பயனில்லை. சொந்த வண்டி என்றால் பிரச்சினை இல்லை, ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கட்டும். பைக் வேண்டுமென்றால் லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க்கை லேயிலோ, வழியில் கரு என்ற ஊரிலோ நிரப்பிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

டாக்ஸி யூனியன் வழித்தடவாரியாகக் கட்டணப் பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் பேரம் பேசப் போவது வீண். இன்னொன்று, ஒவ்வொரு வழிக்கும் தனி ரேட். பாங்காங் என்று பேசி ஏறிவிட்டு, போகும் வழியில் "அப்படியே சுஷுல், ஹான்லே போய்விடலாமே" என்றால் பணமும் கூடும், எல்லைப் பகுதிக்குப் போக வாங்கும் அனுமதித் தாளில் அந்த ஊர்களின் பெயர் இல்லையென்றால் சோதனைச் சாவடியில் விடவும் மாட்டார்கள். தனியாக வருகிறவர்கள் முழு டாக்ஸி எடுக்க வேண்டாம். லே கடைத்தெருவில் பயண ஏஜென்சி வாசல்களில் "பாங்காங், இரண்டு சீட் காலி" என்று காகிதம் ஒட்டியிருக்கும், பங்கு போட்டுக்கொள்ளலாம். பேருந்து தினமும் ஓடாது. வாரத்தில் சில நாள்தான், அதுவும் அதிகாலையில். முந்தின நாளே பேருந்து நிலையத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் நேரம். போய்வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பத்து மணி நேரமாவது வண்டிக்குள்ளேயே போகும், 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் சாங் லாவை ஒரே நாளில் இரண்டு முறை தாண்ட வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் பொதுவாக மோசமானதுதான், ஏரியின் நிறம் மாறுவதைப் பார்க்கவே நேரம் இருக்காது. ஆனால் வயதானவர்களோடும் சின்னக் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அந்த உயரத்தில் ராத்திரி தூங்குவதைவிட உட்கார்ந்து களைப்பது அவர்களுக்குப் பரவாயில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு, ஏரிக்கரையைவிடத் தாழ்வான டாங்ட்சேயில் தங்கலாம்.

சாங் லா உச்சியில் போர்டு பக்கத்தில் நின்று படம் எடுக்க ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். ஒரு படம், ஒரு டீ, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்புங்கள். அங்கே ஓடிப் பிடித்து விளையாடிய கல்லூரிப் பையன்கள், கீழே துர்புக் கிராமத்துக்கு இறங்குவதற்குள் பின் சீட்டில் சுருண்டு படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்குக் காரணம் தண்ணீர். வெயில் ஏற ஏறப் பனி உருகும். காலையில் கணுக்கால் நனையும் ஓடை, மத்தியானத்துக்கு மேல் பைக்கைப் புரட்டும். ஷியோக் வழியில் ஜூலை, ஆகஸ்டில் ஆறு சாலையையே அரித்துக்கொண்டு போவதும் உண்டு. நுப்ராவிலிருந்து கிளம்பும் முன், அன்று காலை எதிர்த்திசையில் வண்டி வந்ததா என்று டிரைவர்களிடம் கேளுங்கள். கூகுள் மேப்புக்கு இது தெரியாது. சாலை இல்லையென்றால் வாரி லா கணவாய் வழியாகச் சுற்ற வேண்டும், அதுவும் 5,300 மீட்டர்.

சில்லறை விஷயங்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். ரொக்கத்தை லேயிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு அனுமதி விதிகள் தளர்ந்திருந்தாலும், இணையத்தில் கட்டணம் கட்டிப் பெறும் தாளைச் சாவடியில் கேட்பார்கள், நாலைந்து பிரதி அச்சிட்டு வையுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனி அனுமதி, லே ஏஜென்சி மூலமாகத்தான் கிடைக்கும். ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், இந்த விஷயத்தில் அந்த அட்டை வைத்திருப்பவர்களும் வெளிநாட்டவர்தான்.

திரும்பும் டிக்கெட்டைப் போடும்போது பாங்காங்கைக் கடைசி இரவாக வைக்காதீர்கள். லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில் கிளம்பிவிடும், சாங் லாவில் ஜூன் மாதம்கூடப் பனி கொட்டும். என் மைத்துனர் போன முறை அப்படித்தான் மாட்டிக்கொண்டார். கணவாய் திறக்கும்வரை துர்புக் டீக்கடையில் உட்கார்ந்து, போன விமானத்துக்குப் பதிலாக வேறு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். போஸ்ட்பெய்ட் சிம் இல்லாததால் பக்கத்தில் இருந்தவரின் போனில்.