ப்ரீபயாடிக் பால்மாவைச் சோதிக்கும்போது எதை அளப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பிள்ளைகளை எடை போடும் நர்ஸ் நான். ப்ரீபயாடிக் என்பது குடலின் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் நார்ச்சத்து. அது சேர்த்த பால்மாவைக் கண்டால் “மலம் இளகுமா அக்கா?” என்றுதான் தாய்மார் கேட்கிறார்கள். பால்மா பாதுகாப்பானதா என்று அறிய அந்தக் கேள்வி போதாது.

முதலில் அளவு: ஜிஓஎஸ், எஃப்ஓஎஸ் என்ற இரண்டு ப்ரீபயாடிக் வகைகளின் 9:1 கலவைக்கு ஐரோப்பிய விதி வைத்த உச்சவரம்பு 100 மில்லிக்கு 0.8 கிராம்.

அப்புறம் குலுக்கலில் இரண்டு குழு பிரியுங்கள். ஒன்றுக்கு ப்ரீபயாடிக் சேர்க்காத அதே பால்மா. யாருக்கு எது என்று அளப்பவருக்கும் தெரியக்கூடாது.

நான்கு மாதமாவது எடை, நீளம், தலைச்சுற்றளவு பாருங்கள். டயப்பரையும் கழற்றிவிட்டே எடை போடுங்கள். நனைந்த டயப்பரின் கனம் ஒரு வார வளர்ச்சிக்கே சமமாகிவிடும்.

வயிற்றுப்போக்கா? நாக்கு உலர்ந்ததா, சிறுநீர் குறைந்ததா என்று அன்றைக்கே எழுதுங்கள். ஒன்று மட்டும்: தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோதனைக்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.