ரெய்டு மிரரில் ஒரு டிஸ்க் போய்விட்டால்

ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதிவைப்பதுதான் ரெய்டு மிரர். அதில் ஒரு டிஸ்க் செயலிழந்துவிட்டது என்று மெயில் வந்ததும் எல்லாருடைய கவனமும் அந்தப் போன டிஸ்க் மேலேயே இருக்கும். அது போனது போனதுதான். இனி நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு வேலையும் மிஞ்சியிருக்கிற டிஸ்க்கைக் காப்பாற்றுவதற்காக. புது டிஸ்க்கை மிரரில் சேர்க்க ஒரே ஒரு கட்டளை போதும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவைதான் நிறைய. அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நான் கவனித்துக்கொள்ளும் கணினி சிங்கப்பூர் தேக்காவில், சித்தப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில் இருக்கிறது. டெபியன் லினக்ஸ், இரண்டு 4 டெராபைட் டிஸ்க், இரண்டும் சேர்ந்து ரெய்டு 1, அதாவது மிரர். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் நடந்த கல்யாணங்கள், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுத்த படங்களின் மூலக் கோப்புகள் எல்லாம் அதில்தான். கல்யாணம் முடிந்து பல வருஷம் கழித்து வந்து, "பாட்டி தனியா உட்கார்ந்திருக்கிற படம் ஒண்ணு எடுத்தீங்களே, அதைப் பெருசா போட்டுத் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். பாட்டி இப்போது இல்லை. படம் இருந்தாக வேண்டும். இந்த வேலையில் அவசரம் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். சித்தப்பா மகனுக்குப் போனில் சொல்லும்போதும் இப்படித்தான் வாசித்துக் காட்டுவேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளிகளை இங்கே இருக்கிறபடியே விட்டு, ரூட் (நிர்வாகி) ஆக அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். மிரரைக் கையாளும் கருவியான எம்டிஏடிஎம் என்பது ஐந்து எழுத்து, எஸ்டிஏ மூன்று எழுத்து. என் கணினியில் மிரரின் பெயர் எம்டி0, நல்ல டிஸ்க் எஸ்டிஏ, போனது எஸ்டிபி. எஸ்டிபி1 என்றால் அதன் முதல் பார்ட்டிஷன், அதாவது முதல் பிரிவு. உங்களுடையதில் வேறாக இருக்கலாம்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம்.

கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்
எம்டிஏடிஎம் --டீடெயில் /டெவ்/எம்டி0

முதல் கட்டளையில், நன்றாக இருக்கிற மிரர் என்றால் சதுர அடைப்புக்குள் இரண்டு யு எழுத்து தெரியும். ஒரு யு இருந்து, பக்கத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு பக்கம் இல்லை என்று பொருள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எஃப் எழுத்து இருந்தால் அந்த டிஸ்க்கை லினக்ஸின் மையமான கெர்னலே ஒதுக்கிவிட்டது. இரண்டாவது கட்டளை இதையே விரிவாகச் சொல்லும். நிலை என்ற வரியில் "கிளீன், டிகிரேடட்" என்று வரும். கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கின்றன.

சரி, இப்போது கடைக்கு ஓட வேண்டாம். முதலில் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகி, ஆர்சிங்க் என்ற நகல் கருவியைப் போட்டு, முக்கியமானவற்றை நகல் எடுங்கள். இன்னும் வாடிக்கையாளருக்குக் கொடுக்காத வேலைகள் முதலில், மற்றவை பிறகு. மிரர் இருப்பதால் நகல் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒரு கோப்பை அழித்தால் மிரரின் இரண்டு பக்கமும் அதே நொடியில் அழிந்துவிடும். அதைப் பேக்கப் என்று சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. மிரரைத் திருப்பிக் கட்டும்போது கெர்னல் மிஞ்சிய டிஸ்க்கைத் தலையிலிருந்து கால்வரை ஒரு இடம் விடாமல் படிக்கும். பெரும்பாலும் இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே சூட்டில் ஓடியவை. ஒன்று போயிருக்கிறது என்றால் மற்றதும் களைத்திருக்க வாய்ப்பு உண்டு. பல மாதங்களாக யாரும் தொடாத ஒரு மூலையில் பழுது இருந்தால், அந்த முழுப் படிப்பின்போதுதான் அது வெளியே வரும்.

சூட்டைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே எச்டிபி வீடுகளில், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளில், பலர் இதுபோன்ற பெட்டியைப் பாம்ப் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் வராது, வசதிதான். ஆனால் நாலு பக்கமும் கனத்த கான்கிரீட், இரும்புக் கதவு. கதவை மூடிவிட்டால் உள்ளே காற்று அதிகம் நகர்வதில்லை. டிஸ்க் மேல் அன்பு இருந்தால் ஹாலில் வையுங்கள்.

நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள்.

ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ
ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிபி

நீளமான பட்டியல் வரும். நாலு எண்களை மட்டும் தேடுங்கள்: 5, 197, 198, 199. ஐந்தாவது, பழுதாகி வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, டிஸ்க் தானாகச் சோதித்துப் பார்த்தும் மீட்க முடியாதவை. 199 வேறு வகை: அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் வந்த பிழைகளின் எண்ணிக்கை. முதல் மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் கெட்டது என்று சந்தேகப்படலாம். கணினியை அணைத்து, கேபிளை மாற்றி, பிறகு இதை அடித்துப் பாருங்கள்:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரீ-ஆட் /டெவ்/எஸ்டிபி1

100 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட மிரர்களில் எம்டிஏடிஎம் வழக்கமாகவே பிட்மேப் என்ற குறிப்பேட்டை வைத்துக்கொள்ளும். பிரிந்திருந்த நேரத்தில் எந்தெந்தப் பகுதி மாறியது என்று அதில் இருப்பதால், அவற்றை மட்டும் எழுதிவிட்டுச் சீக்கிரமே பழையபடி சேர்ந்துவிடும். புது டிஸ்க்குக்குக் காசே வேண்டாம்.

மாறாக, மிஞ்சிய எஸ்டிஏவில் 197 பூஜ்யமாக இல்லை என்றால் நில்லுங்கள். அந்த நிலையில் திருப்பிக் கட்டத் தொடங்கினால் நடுவில் நின்றுபோகலாம். அல்லது அந்த இடங்கள் மட்டும் படிக்க முடியாதவை என்று குறிக்கப்பட்டு, சில படங்கள் பாதியாகப் போகலாம். அப்போது செய்ய வேண்டியது, மிரரை நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் அந்த டிஸ்க்கைப் புது டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுப்பது. அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு பொறுமையாகத் திரும்பி வரும். எதுவரை வந்தது என்று ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். அந்த நகலை வைத்துத்தான் மிரரை மறுபடி கட்ட வேண்டும்.

இரண்டு டிஸ்க்கும் கேசுக்குள் ஒரே மாதிரி இருக்கும். எதைக் கழற்றுவது? எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்ப முடியாது. கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் பார்த்ததோ அதற்கு முதல் பெயர், அவ்வளவுதான். மாறாதது சீரியல் எண் ஒன்றுதான். அது டிஸ்க் மேல் லேபிளிலும் இருக்கிறது.

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்

செத்துப்போன டிஸ்க் சில சமயம் பதிலே சொல்லாது, பட்டியலில் வராது. அதனால் உயிரோடு இருக்கிற டிஸ்க்கின் சீரியல் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். கேசைத் திறந்ததும் அந்த எண் உள்ள டிஸ்க்கை முதலில் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு வண்ண டேப் ஒட்டுங்கள். அதைத் தொடக்கூடாது. மற்றதைத்தான் கழற்ற வேண்டும்.

புது டிஸ்க்கை நான் சிம் லிம் ஸ்கொயரில் வாங்குவேன். உங்களுக்குப் பழக்கமான கடை எதுவானாலும் சரி. பழையதின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 4 டெராபைட் என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். செக்டர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் பிரச்சினை வரும். சந்தேகமிருந்தால் பெரியதை வாங்குங்கள், மிச்சம் சும்மா கிடக்கட்டும். சிஎம்ஆர் வகையா, அதாவது எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகையா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும்.

இனி பழையதை மிரரிலிருந்து முறையாக விலக்குவோம்.

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஃபெயில் /டெவ்/எஸ்டிபி1
எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரிமூவ் /டெவ்/எஸ்டிபி1

எஸ்டிபி என்ற பெயரே காணாமல் போயிருந்தால், முதல் வரியை விட்டுவிட்டு, இரண்டாவதில் பெயருக்குப் பதிலாக டிடாச்ட் என்று அடியுங்கள். பிறகு கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, டிஸ்க்கை மாற்றி, மறுபடி ஏற்றுங்கள். ஏற்றியதும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைத் திரும்ப ஓட்டி, தாளில் உள்ள சீரியல் எண் இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்டிஏவும் எஸ்டிபியும் இடம் மாறியிருக்கலாம். மிரரின் பெயர்கூட எம்டி127 என்று வந்திருக்கலாம். பயப்பட வேண்டாம், கட்டளைகளில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான வரி. இதுவரை ஓரளவு பாதுகாப்பு இருந்தது: மிரரின் கடைசி டிஸ்க்கை ஃபெயில் செய்யச் சொன்னால் ரெய்டு 1 மறுத்துவிடும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் கருவி அப்படி மறுக்காது. நல்ல டிஸ்க்கின் அட்டவணையைப் புது டிஸ்க்குக்கு நகல் எடுக்கப்போகிறோம். பெயர்கள் மாறினால் வெற்று அட்டவணை நல்ல டிஸ்க் மேல் ஏறிவிடும். எனவே முதல் வரியில் நல்ல டிஸ்க்கின் அட்டவணையை யுஎஸ்பி டிஸ்க்கில் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்கிறோம்.

எஸ்ஜிடிஸ்க் --பேக்கப்=/மீடியா/யுஎஸ்பி/டேபிள் /டெவ்/எஸ்டிஏ
எஸ்ஜிடிஸ்க் /டெவ்/எஸ்டிஏ -ஆர் /டெவ்/எஸ்டிபி
எஸ்ஜிடிஸ்க் -ஜி /டெவ்/எஸ்டிபி

ஆர், ஜி இரண்டும் பெரிய எழுத்து. ஆர் எழுத்துக்கு அடுத்து ஒட்டி வருவது எழுதப்படும் டிஸ்க், அதாவது புதியது. "ஆருக்குப் பின்னால் புதுசு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு என்டர் அழுத்துங்கள். இன்னும் நிம்மதி வேண்டும் என்றால் எஸ்டிஏ, எஸ்டிபி என்று அடிக்காமல், /டெவ்/டிஸ்க்/பை-ஐடி/ என்ற அடைவில் உள்ள நீளமான பெயர்களை அடியுங்கள். அவற்றில் சீரியல் எண்ணும் இருக்கும். கையிலுள்ள தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன். மூன்றாவது வரி, நகலாக வந்த அடையாள எண்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுப்பது.

இனி அந்த ஒரே கட்டளை.

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிபி1

வேறொரு ரெய்டில் இருந்த பழைய டிஸ்க்கைப் போடுகிறீர்கள் என்றால் மட்டும், இதற்கு முன் அந்தப் பார்ட்டிஷனில் --ஜீரோ-சூப்பர்பிளாக் ஓட்டி, பழைய உறவைத் துடைத்துவிடுங்கள்.

வாட்ச் கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்

ரெக்கவரி என்று ஒரு கோடு வளர்வதையும், எத்தனை நிமிஷம் பாக்கி என்பதையும் காணலாம். நொடிக்கு 150 மெகாபைட் போனால் 4 டெராபைட்டுக்குச் சுமார் ஏழரை மணி நேரம். டிஸ்க்கின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும், அது இயல்பு. வேறு யாரும் டிஸ்க்கைப் பயன்படுத்தினால் கெர்னல் அவர்களுக்கு வழிவிட்டு, தன் வேகத்தை நொடிக்கு 1000 கிலோபைட் வரைகூட இறக்கிக்கொள்ளும். ஸ்பீட்_லிமிட்_மின் என்ற அமைப்பை ஏற்றினால் இதை மாற்றலாம். நான் மாற்றுவதில்லை, கடை சாத்திய பிறகு தொடங்குவேன். "நாளைக்கு ஆல்பம் கொடுக்கணும்மா, வேலை பார்க்கலாமா?" என்று சித்தப்பா கேட்டார். "பாருங்க சித்தப்பா, வீடியோ எக்ஸ்போர்ட் மட்டும் காலையில போட்டுக்கலாம்" என்றேன். நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இரண்டு யு தெரிந்த பிறகும் சில வேலைகள் பாக்கி. இந்த டிஸ்க்குகளிலிருந்தே கணினி பூட் ஆகிறது என்றால், புது டிஸ்க்கிலும் பூட் நிரலை நிறுவும் க்ரப்-இன்ஸ்டால் ஓட்டுங்கள். யுஇஎஃப்ஐ (புதிய வகை பூட் முறை) கணினி என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனின் உள்ளடக்கத்தையும் நகல் எடுக்க வேண்டும். மிரரின் பெயர் மாறியிருந்தால் எம்டிஏடிஎம்.கான்ஃப் கோப்பைச் சரிசெய்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கட்டளையை ஓட்டுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று ஒரு முறை முழுதாகச் சோதியுங்கள்:

எக்கோ செக் > /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி/சிங்க்_ஆக்ஷன்

முடிந்ததும் அதே அடைவில் மிஸ்மேட்ச்_சிஎன்டி கோப்பைப் பாருங்கள், பூஜ்யம் இருந்தால் நல்லது. மெயில் எச்சரிக்கை வேலை செய்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்:

எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட்

சோதனை மெயில் வரவில்லை என்றால், ஒன்று கான்ஃப் கோப்பில் உங்கள் முகவரி இல்லை, அல்லது அந்தக் கணினிக்கு மெயில் அனுப்பவே வழியில்லை. இதைச் சரிசெய்யாமல் எழுந்திருக்காதீர்கள். மெயில் வராத மிரர் ஒரு டிஸ்க்கில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

கழற்றிய டிஸ்க்கைக் குப்பையில் போட வேண்டாம். மிரரின் ஒரு பாதி என்றால் அதில் எல்லாப் படங்களும் முழுசாக இருக்கின்றன. தெரிந்தவர் யாரும் அதைத் தனியாக ஏற்றிப் பார்த்துவிட முடியும். வாடிக்கையாளர்களின் முகமும் வீடும் குழந்தைகளும் அதில் இருப்பதால், சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் அது ஸ்டுடியோவின் பொறுப்பு. சுற்றுகிற டிஸ்க் என்றால் ஷ்ரெட் கட்டளையால் முழுதும் மேலெழுதுங்கள். சுற்றாவிட்டால் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டுகளில் டிரில்லால் துளை போட்டுவிட்டு மின்கழிவில் சேருங்கள். வாரண்டியில் திருப்பித் தர நினைக்கிற டிஸ்க் சுற்றவே இல்லை என்றால், நான் வாரண்டியை விட்டுவிடச் சொல்வேன்.