வானிலைச் செய்தியில் ஒரு கவிதை: அழிப்புக் கவிதை செய்வது எப்படி?

வெள்ளைத்தாள் முன் உட்கார்ந்தால் கை ஓடாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுத வேண்டாம், அழித்துப் பாருங்கள்.

அச்சில் இருக்கும் ஒரு பத்தியில் வேண்டாத சொற்களை மறைத்து, மிஞ்சியதைக் கவிதையாக்குவது அழிப்புக் கவிதை. இங்கிலாந்து ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் 1966-இல் மூன்று பென்ஸுக்கு ஒரு பழைய நாவலை வாங்கி, பக்கங்கள் மேல் வரைந்து மறைக்கத் தொடங்கினார். அப்படி உருவான புத்தகத்தின் கடைசிப் பதிப்பு வந்தது 2016-இல். ஒரே நாவல், ஐம்பது வருடம்! நமக்கு ஒரு பத்தி போதும்.

கவிதையையோ நல்ல சிறுகதையையோ எடுக்காதீர்கள். எழுதியவரின் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். மின்தடை அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் மடித்திருக்கும் தாள், வானிலைச் செய்தி இவையெல்லாம் தோதானவை. செய்தித்தாளில் மார்க்கர் மை ஊறும். ஜெராக்ஸ் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்காக நானே எழுதிய ஒரு செய்தி:

“வங்கக் கடலில் உருவாகியுள்ள காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியால் அடுத்த இரு நாட்களுக்குக் கனமழை பெய்யக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.”

இதைக் கடைசிச் சொல்லில் இருந்து பின்னோக்கிப் படித்து, பிடித்த சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அப்படிப் படித்தபோதுதான் ‘இரு’ என் கண்ணில் பட்டது. செய்தியில் அது வெறும் எண்ணிக்கை. ‘நாட்களுக்கு’ மறைந்ததும், ‘போகாதே, இரு’ என்கிற இரு!

எழுத்தையும் அழிக்கலாம். ‘கடலில்’ நடுவே ‘லி’யை மறைத்தால் ‘கடல்’. ‘கன’ போனால் ‘மழை’. ஆனால் ‘காற்றழுத்த’த்தில் இருந்து ‘காற்று’ வராது. ‘று’ அங்கே இல்லை. இல்லாத எழுத்தைச் சேர்க்கக் கூடாது, சொல் வரிசையை மாற்றக் கூடாது. இந்த இரண்டிலும் கறாராக இருங்கள். இதன் சுவையே அந்த நெருக்கடியில்தான்.

மிஞ்சியது:

கடல்
இரு
மழை பெய்யக்கூடும்
செல்ல வேண்டாம்

வாய்விட்டுப் படித்தேன். ‘கடல்’ உறுத்தியது. அது இருக்கும்வரை மீனவர்களுக்கான எச்சரிக்கையாகவே ஒலிக்கிறது. அதையும் மறைத்தேன். இப்போது ஒருவர் வாசலில் செருப்பு மாட்டுகிறார். இன்னொருவர் நிலைப்படியில் நின்று தடுக்கிறார்.

மார்க்கரை இப்போதுதான் எடுக்க வேண்டும். வைத்துக்கொள்ளும் சொற்களைச் சுற்றி முதலில் கோடு போட்டுவிட்டு, பிறகு மற்றதை நிரப்புங்கள். அடுத்தவர் எழுதிய பத்தி என்றால், எதில் வந்தது, என்ன தேதி என்பதைத் தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.