ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் சொந்தச் சேவை ஒன்றை அமைத்தல்

ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியில், மேசைக் கணினி லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிடையாது. சில மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், இதற்கென்றே எழுதப்பட்ட புரோக்டி என்ற சிறு நிரல்தான் முதல் செயல்முறையாக எழுந்து, மற்ற சேவைகளைத் தொடங்கி, அவற்றின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை உணரியிலிருந்து படித்து வெளியே அனுப்பும் ‘டேங்க்’ என்ற சிறு ஸ்கிரிப்ட்டை நான் அப்படி ஒரு சேவையாக ஓட்டுகிறேன். அதையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கட்டளைப் பெயர்களைத் தமிழ் ஒலியில் தருகிறேன். ரவுட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், நான் அடிக்கோடு இட்ட இடத்தில் அடிக்கோட்டுடன் தட்டச்சு செய்ய வேண்டும்.

சேவைக் கோப்பு, ஈடிசி அடைவின் உள்ளே இருக்கும் இனிட்.டி அடைவில் இடம்பெற வேண்டும். அதன் முதல் வரி, வழக்கமான ஷெல்லை அடுத்து ஆர்சி.காமன் கோப்பின் முழுப் பாதையையும் குறிப்பிட வேண்டும். ஸ்டார்ட், ஸ்டாப், எனேபிள் போன்ற கட்டளைகள் அந்தப் பொதுக் கோப்பிலிருந்துதான் நம் சேவைக்குக் கிடைக்கின்றன. அடுத்து, ஸ்டார்ட் என்ற மாறிக்கு 95 என்றும், யூஸ்_புரோக்டி என்ற மாறிக்கு 1 என்றும் மதிப்புக் கொடுங்கள்; இந்த இரண்டு பெயர்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். விண்டோஸில் எழுதிய கோப்பை அப்படியே நகலெடுத்தால், வரி முடிவில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தால் முதல் வரியே செல்லாமல் போகும். கோப்புக்கு இயக்க அனுமதி கொடுக்கவும் மறக்கக் கூடாது.

உயிரான பகுதி ஸ்டார்ட்_சர்வீஸ் என்ற செயற்கூறு. அதற்குள் புரோக்டி_ஓப்பன்_இன்ஸ்டன்ஸ் என்று திறந்து, புரோக்டி_செட்_பாராம் கமாண்ட் என்பதை அடுத்து நிரலின் முழுப் பாதையைக் கொடுத்து, புரோக்டி_க்ளோஸ்_இன்ஸ்டன்ஸ் என்று மூட வேண்டும். நிரல் முன்புலத்திலேயே ஓட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பழக்கத்தில் கட்டளையின் பின்னால் உம்மைக் குறி (&) இட்டோ, தானாகப் பின்னணிக்குச் செல்லும் விருப்பத்தைக் கொடுத்தோ விட்டால், தான் தொடங்கிய செயல்முறை முடிந்துவிட்டது என்றே புரோக்டி முடிவு செய்யும்; உண்மையில் ஓடிக்கொண்டிருப்பதை அதனால் நிறுத்தவும் முடியாது.

விழுந்த நிரலை மீண்டும் எழுப்ப ரீஸ்பான் என்ற அளவுருவைச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் எழுப்பாது. அதன் இயல்பு மதிப்புகள் 3600, 5, 5. தொடங்கி 3600 விநாடிக்குள் நிரல் முடிந்தால் அது ஒரு வீழ்ச்சியாகக் கணக்கில் ஏறும். ஒவ்வொரு முறையும் 5 விநாடி காத்திருந்து எழுப்பும். தொடர்ந்து 5 முயற்சிகளும் வீணானால் கைவிட்டுவிடும். ஒரு நாள் இரவு எங்கள் வீட்டு இணைய இணைப்பு பத்து நிமிடம் அறுந்தது. இணைப்பு இல்லையென்றால் வெளியேறிவிடும்படி ஸ்கிரிப்ட்டை எழுதியிருந்தேன். அரை நிமிடத்துக்குள் ஐந்து முயற்சிகளும் தீர்ந்துபோக, இணைப்பு திரும்பிய பிறகும் சேவை எழவேயில்லை. காலையில் தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாக வழிந்துகொண்டிருந்தது. கடைசி எண்ணை 0 ஆக்கினால் புரோக்டி சலிக்காமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். அதைவிட, பிழை நேர்ந்தால் வெளியேறாமல் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும்படி ஸ்கிரிப்ட்டைத் திருத்துவதே முறை என்பது என் கருத்து. நான் இரண்டையும் செய்தேன்.

ஸ்டார்ட் எண் தொடங்கும் வரிசையை மட்டுமே தீர்மானிக்கிறது. பிணையச் சேவையின் எண் 20 என்பதால் 95இல் இணையம் தயாராக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான ரவுட்டர்களில் மின்கலத்துடன் கூடிய கடிகாரமும் இல்லை. ஈடிசி அடைவில் கடைசியாக மாறிய கோப்பின் நேரத்தையே தற்காலிகமாக எடுத்துக்கொள்கின்றன. எனவே காலவரை உள்ள பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும் எந்த இணைப்பும், நேரம் சரியாகும்வரை தோல்வியடையக்கூடும்.

அமைப்பு மதிப்புகளை ஈடிசி அடைவின் கான்ஃபிக் உள்ளடைவில் வைத்து, யூசிஐ கட்டளையால் மாற்றலாம். சர்வீஸ்_ட்ரிகர்ஸ் செயற்கூற்றில் புரோக்டி_ஆட்_ரீலோட்_ட்ரிகர் டேங்க் என்று எழுதிவிட்டால், மாற்றத்தைக் கமிட் செய்து (சேமித்து) ரீலோட்_கான்ஃபிக் கட்டளையைக் கொடுத்ததும் சேவைக்குச் செய்தி போகும். ஆனால் புரோக்டி பழைய கட்டளையையும் புதியதையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால்தான் மறுதொடக்கம் செய்யும். நிரலே அமைப்புக் கோப்பைப் படிக்கிறதென்றால் கட்டளை வரி மாறாது. அப்போது ஃபைல் என்ற அளவுருவில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், அதன் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும்.

ஸ்டார்ட் கட்டளை இப்போதைக்கு ஓட்டும், எனேபிள்தான் ஆர்சி.டி அடைவில் இணைப்பை உருவாக்கி, ஒவ்வொரு முறை ரவுட்டர் எழும்போதும் ஓட வைக்கும். உண்மையில் ஓடுகிறதா என்பதை யூபஸ் கால் சர்வீஸ் லிஸ்ட் என்ற கட்டளை காட்டும். எஸ்டிடிஅவுட் (வழக்கமான வெளியீடு), எஸ்டிடிஎர் (பிழை வெளியீடு) ஆகிய இரண்டு அளவுருக்களுக்கும் 1 கொடுத்திருந்தால், நிரலின் வெளியீட்டை லாக்ரீட் கட்டளையால் படிக்கலாம்; அந்தப் பதிவு இயல்பாக ரேமில் இருப்பதால், மின்சாரத்தைத் துண்டிக்கும் முன்பே படித்துக்கொள்ள வேண்டும்.

நாமே எழுதிய சேவைக் கோப்பு, ஃபர்ம்வேர் மேம்படுத்தலில் தானாகக் காப்பாற்றப்படாது. அதன் பாதையையும், ஆர்சி.டி இணைப்பின் பாதையையும், ஸ்கிரிப்ட்டின் பாதையையும் ஈடிசி அடைவிலுள்ள சிஸ்அப்கிரேட்.கான்ஃப் கோப்பில் வரிக்கு ஒன்றாகச் சேர்த்துவிட்டு, சிஸ்அப்கிரேட் கட்டளையைச் சிறிய எல் விருப்பத்துடன் ஓட்டி, காக்கப்படும் கோப்புகளின் பட்டியலில் மூன்றும் இருப்பதைப் பார்த்த பிறகே மேம்படுத்தலில் இறங்குங்கள்.